தமுக்கு அடிக்காத மடை

ஒரே ஒரு ஊர்ல ஒரு பெரிய ஏரி இருந்துச்சாம், ஏரிக்குக் கீழ ஊரு, ஊருக்குக் கீழ ராசாவோட அரண்மனை. மடையத் தொறக்குறதுக்கு முன்னாடி மடைக்காரன் சடையன் மூணு தடவ தமுக்கு அடிக்கணும், வாய்க்கால்ல நிக்கிறவங்க அதக் கேட்டு ஏறி வந்துடணும், அதுதான் அந்த ஊர் வழக்கம். உம் கொட்டுங்க, இல்லன்னா சொல்ல மாட்டேன்.

ஒருநா தமுக்கு அடிக்காமலே மடையத் தொறந்துட்டான். வாய்க்கால்ல வெள்ளச்சின்னு ஒருத்தி துணி அலசிக்கிட்டிருந்தா. அவ பக்கத்துல வெளையாடிக்கிட்டிருந்த ரெண்டு வயசுப் பொண்ணத் தண்ணி கொண்டு போயிருச்சு.

ராசா வந்தாரு, வந்ததும் மொத வேலையா கழுமரத்த நட்டுட்டாரு. நட்ட கழுமரத்த வெறுமனே புடுங்குனா மழை பெய்யாதுன்னு ஒரு சாங்கியம். அதனால யாராவது ஒருத்தர் அதுல ஏறியே ஆகணும்.

சடையனக் கேட்டாங்க. "சாமி, தமுக்குத் தோல் கிழிஞ்சு போச்சுங்க. நாட்டாமைகிட்டச் சொன்னேன், அவரு தோல் வாங்கித் தரல"ன்னான்.

நாட்டாமையக் கேட்டாங்க. "வாங்கித்தான் இருப்பேன், அதுக்குள்ள உடனே தண்ணி விடுன்னு அரண்மனை உத்தரவு வந்துடுச்சுங்க"ன்னாரு.

ராசாவ யாரு கேக்குறது? அவரே சொன்னாரு: "வெயில்ல அரண்மனைக் குளம் வத்திப் போச்சு, நான் என்ன பண்ணுவேன்? வெயிலப் போயிக் கேளுங்க."

யாரும் பொய் சொல்லல பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல.

அப்போ வெள்ளச்சி சொன்னா: "எங்கொழந்த போயிருச்சு, யாராச்சும் ஒருத்தர் 'நான்தான்'னு சொல்லுவீங்கன்னு நின்னேன். ஒருத்தரும் சொல்லல. சரி, நானே சொல்றேன். துணியப் பாத்தேன், பிள்ளையப் பாக்கல. குத்தம் என்னுதுதான்."

ராசாவுக்கு மூச்சு வந்துச்சு. "ஒத்துக்கிட்டவ இவ ஒருத்திதான்"னாரு. அவளக் கொண்டு போயிக் கழுவுல ஏத்திட்டாங்க. ஊரே பாத்துக்கிட்டு நின்னுச்சு. எனக்குச் சொல்லவே வாய் வரல, ஆனா நடந்தது அதுதான்.

அதுக்கப்புறம் அந்த ஊர்ல எவனும் எதையும் ஒத்துக்கிறதே இல்ல. மழைக்காலம் வந்துச்சு, ஏரி ரொம்புச்சு, கரையில ஒரு வெடிப்பு விழுந்துச்சு. சடையன் பாத்தான். 'சொன்னா, நேத்தே ஏன் பாக்கலம்பாங்க, கழுமரம் அங்கியேதான் நிக்குது'ன்னு நெனச்சு வாய மூடிக்கிட்டான். நாட்டாமை பாத்தாரு, அவரும் மூடிக்கிட்டாரு. அரண்மனைக் காவல்காரன் பாத்தான், அவனும் மூடிக்கிட்டான். தமுக்குக்குப் புதுத்தோல் போட்டு வச்சிருந்தாங்க, எடுத்து அடிக்கத்தான் ஆள் இல்ல.

கரை ஒடஞ்சுச்சு. சடையன் போனான், நாட்டாமை போனாரு, ராசாவும் அரண்மனையோட போனாரு.

நல்லா வேணும் ராசாவுக்குன்னு சிரிக்கிறீங்க. எனக்கும் அப்படித்தான் சொல்லத் தோணுது. அன்னிக்குக் காலையில அந்த ஊர்ல ஒரு வீட்டுல கொழந்த பொறந்துச்சு, இன்னும் பேருகூட வைக்கல. அதுவும்தான் போச்சு. அதுக்கும் நல்லா வேணுமா, சொல்லுங்க?

நானும் எத்தனையோ தடவ யோசிச்சுப் பாத்துட்டேன், எனக்குத் தெரியல.

தண்ணி வடிஞ்சுச்சு, ஊரு போச்சு, கழுமரம் மட்டும் நின்னுச்சு, எங்கதையும் அதோட நின்னுச்சு.