காத்தாயி வேண்டாமென்ற ஒரு காசு

முன்னொரு காலத்தில், மழை தவறாத ஒரு நாட்டை ஆண்ட அரசனுக்குத் திடீரென ஓர் ஆசை வந்தது: தன் நாட்டில் சோம்பேறி ஒருவர்கூட இருக்கக் கூடாது!

விகடகவி மருதப்பன்மேல் பொறாமை கொண்ட பிரதானி திருமேனியார் இதுதான் சமயமென்று எழுந்தார்.

"அரசே, களஞ்சியத்தில் நெல் குத்தும் காத்தாயிக்கு மேற்பார்வை வேலையும் ஒரு காசு கூடுதல் கூலியும் கொடுத்தோம். மறுத்துவிட்டாள். ஏழைகளுக்காகப் பரிந்து பேசும் மருதப்பனே அவளைச் சம்மதிக்க வைக்கட்டும்."

"நாளை மாலைக்குள் சம்மதிக்காவிட்டால் அவளை நாடு கடத்துவேன்!" என்றான் அரசன்.

மருதப்பன் காத்தாயியை அவள் குடிசை வாசலில் போய்ப் பார்த்தான். உள்ளே அவள் புருஷன் நோயில் கிடந்தான். மூன்று பிள்ளைகள்.

"ஏம்மா மறுத்தே?"

"கூலி ஒரு காசு ஏறினாலே அரண்மனையில கொடுக்கிறது எல்லாம் நின்னுடும்னு சட்டம் சாமி. தினம் வர்ற ரெண்டு படி அரிசி போயிடும். ஏறின காசுல பாதி வரி. மிச்சம் அரைக் காசுக்கு அரைப் படிகூட வராது. கூடுதலா உழைச்சுப் பிள்ளைங்களைப் பட்டினி போடவா?"

மருதப்பன் நேரே அரசனிடம் போனான். "அரசே, தங்கள் சட்டம் எல்லோருக்கும் பொதுதானே?"

"சந்தேகமென்ன? அதை நீயே நிறைவேற்று."

"அப்படியானால் பிரதானியாருக்கு யானைக் கொட்டில் மேற்பார்வையும் ஒரு காசு கூடுதல் சம்பளமும் தாருங்கள்."

அரசன் தந்தான். பிரதானியாரும் பூரித்துப்போனார்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் பல்லக்கு வரவில்லை. வெயிலில் நடந்து வந்தார். மதியம் அரண்மனைச் சமையற்கட்டில் இலை போட மறுத்தார்கள். போதாக்குறைக்கு வரி வசூலிப்பவன் வந்து அரைக் காசு கேட்டான்.

வியர்த்து விறுவிறுக்கச் சபைக்குள் ஓடிவந்தார். "அரசே, என்ன அநியாயம் இது!"

"தங்கள் சம்பளம் ஏறிவிட்டதே, ஐயா. அரண்மனை தருவதெல்லாம் நிற்கவேண்டும். சட்டத்தில் உள்ளபடி செய்தேன்" என்றான் மருதப்பன்.

"எனக்கு அந்தக் காசும் வேண்டாம், வேலையும் வேண்டாம்!"

"அரசே, ஒரு காசு ஏறினால் தினம் வரும் இரண்டு படி அரிசி நின்றுவிடும் என்றுதான் காத்தாயி மறுத்தாள். இவரும் வேலையை மறுக்கிறார். காத்தாயியோடு சேர்த்து இவரையும் நாடு கடத்திவிடலாமா?"

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. "இரண்டு படி அரிசியா, மருதப்பா? எனக்கு இது தெரியாமல் போயிற்றே."

கூலி இரண்டு மடங்காகும்வரை அரிசியும் நிற்காது, வரியும் கிடையாது என்று அன்றே ஆணை பிறந்தது. மருதப்பனுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது.

காத்தாயி மேற்பார்வை வேலையை ஏற்றுக்கொண்டாள். முதல் நாள் கூலியோடு வீடு திரும்பி உலை வைத்தாள். பிள்ளைகள் மறுசோறு கேட்டார்கள். போட்டாள்.