வாடிய பூவின் பெயர்

ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே கூவிளநாடு என்றொரு நாடு. அதை ஒரு காலத்தில் கடம்பவேள் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுடைய பிள்ளைகள் இருவரும் ஒரே போரில் மாண்டுபோனார்கள். அன்றிலிருந்து அரண்மனையில் சிரிப்புச் சத்தமே இல்லை. அரசனுக்கு எந்த நேரத்தில் கோபம் வரும் என்று யாருக்கும் தெரியாது. அமைச்சர் வல்லங்கிழார் மட்டும் அஞ்சாமல் அவன் பக்கத்தில் போய் உட்காருவார்.

ஒருநாள் மாதங்கி என்ற புலவர் தொலைவிலிருந்து வந்து, "செம்மலே, நின் குடை வாழ்க" என்று பாடத் தொடங்கினாள். வெகுநாள் கழித்து அரசன் தலைநிமிர்ந்து கேட்டான். அவைப்புலவர் பேரூராருக்கு அது பொறுக்கவில்லை.

"அரசே, அரும்பு, மொட்டு, மலர் என்று பூவுக்குப் பருவந்தோறும் ஒரு பெயர் உண்டு. வாடி வதங்கிய பூவுக்குப் பெயர் செம்மல். பிள்ளைகளை இழந்தவரை வாடிப்போனவர் என்கிறாள்."

அரசன் முகம் கறுத்தது. "இவளைச் சிறையில் போடுங்கள். நாளை நாவை அறுங்கள்."

"செம்மல் என்றால் தலைவன் என்றும் பொருள் உண்டு, அரசே" என்றார் வல்லங்கிழார்.

"வாடிய பூவின் பெயர் தலைவனுக்கு எதற்கு? விடிந்ததும் காரணம் சொல்லும். சொல்லாவிட்டால் அவள் நாக்கு போகும்."

அமைச்சருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவையில் அவர் நிதானமாகச் சொன்னார்: "பேரூரார் சொன்னதே சரி, அரசே. வாடிய பூ அவமானம்தான். அவருடைய மாந்தோப்பு பூத்துக் குலுங்குகிறது. அது வாடி அவருக்கு இழிவு வருமுன் அத்தனை பூவையும் உலுக்கிவிட ஆள் அனுப்பட்டுமா?"

பேரூரார் பதறி எழுந்தார். "வேண்டாம் ஐயா. பூ வாடினால்தானே பிஞ்சு பிடிக்கும்? மலர்ந்ததும் உலுக்கினால் மரம் எதற்கு?"

"அப்படியானால் எது பெரிது, புலவரே? மலர்ந்த பூவா, வாடிய பூவா?"

வல்லங்கிழார் அரசன் பக்கம் திரும்பினார்.

"செம்மை என்றால் நிறைவு. வந்த வேலையை நிறைவாக முடித்த பூ செம்மல். தலைவனுக்கும் அதனால்தான் அந்தப் பெயர்."

அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். பேரூராரைக் கடைசி இருக்கைக்கு அனுப்பினான். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டான்: "பூ வாடினால் மரத்தில் பிஞ்சு இருக்கும். என்னிடம் என்ன இருக்கிறது, கிழாரே?"

ஒரு நாக்கைக் காப்பாற்றும் அவசரத்தில் இந்த நெஞ்சை மறந்துவிட்டோமே என்று வல்லங்கிழாருக்குக் குன்றிப்போயிற்று.

அரசன் தானே சிறைக்குப் போனான். அமைச்சரும் பின்னால் போனார்.

"வாடிய பூவை நினைத்துத்தான் பாடினாயா, அம்மா?"

"இல்லை அரசே. தலைவன் என்றுதான் பாடினேன். உங்கள் துக்கம் எங்கள் ஊருக்கு எட்டவில்லை. இங்கே காவலர் சொல்லித்தான் தெரியும்." அவள் தயங்கினாள். "அடுத்த அடியில் உங்கள் பிள்ளைகளை வாழ்த்தியிருந்தேன். அதற்குள் இழுத்து வந்துவிட்டார்கள்."

அரசன் கல்தரையில் உட்கார்ந்தான்.

"அதையும் பாடு" என்றான்.

அவள் மெல்லப் பாடினாள். பிள்ளைகள் போனபின் அன்றுதான் அரசன் வாய்விட்டு அழுதான். வல்லங்கிழார் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.