பொதைச்ச பட்டாபட்டி

"சாமி, என் பாத்தியில எவனோ கை வைக்கிறான்," அப்படின்னாரு தணிகாசலம்.

முப்பது வருசம் பஸ்ல டிக்கெட் செக் பண்ணுன மனுசன். சந்தேகப்படலேன்னா அவருக்குச் சோறு எறங்காது. கோயில்ல திருநீறு குடுத்தாக்கூட வெளிச்சத்துல புடிச்சுப் பாப்பாரு. ரிட்டயராகி நேரா மலையடிவார மடத்துக்கு வந்து சேந்தாரு.

அந்த மடத்துல ஒரு வழக்கம். தன் பாத்தியில காச்சதைச் சமைச்சுப் பந்தி போட்டாத்தான் தீட்சை. மூணு வருசம் பாப்பாங்க. முடியலேன்னா மூட்டையக் கட்ட வேண்டியதுதான்.

செக்கருக்கு ரெண்டு வருசம் கத்திரி கருகிப்போச்சு. பக்கத்துப் பாத்தி, அவரு மாதிரியே தீட்சைக்குக் காத்திருக்குற பச்சமுத்தோடது. கொள்ளும் புல்லும் சருகுமா காடு மாதிரி கெடக்கும். அதுல காய் தொங்குது.

மடத்தை நடத்துற மொட்டைச்சாமி செக்கரைவிடப் பத்து வயசு சின்னவரு. கேட்டாரு.

"யார் மேலய்யா சந்தேகம்?"

"பச்சமுத்து மேலதான். உங்க மேலயும் லேசா."

"நல்லது. ரெண்டு புதுப் பட்டாபட்டி டிராயர் கொண்டாரும். பருத்தியில."

செக்கர் கண்ணு சுருங்கிருச்சு. "எல்லாம் என் அளவு சாமி. உங்களுக்குச் சேராது."

சாமி ரெண்டு பேரு பாத்தியிலயும் ஆளுக்கு ஒண்ணு பொதைச்சாரு. அது சித்திரை.

வைகாசியில தோண்டுனாங்க. செக்கரோடது தேச்சு மடிச்ச மாதிரி வந்துச்சு. பச்சமுத்து பாத்தியில வந்ததுல நாலஞ்சு பொத்தல்.

"பாத்தீங்களா, என் மண்ணு நாணயமான மண்ணு."

சாமி குழிய மூடுனாரு. ஐப்பசி மழையில இன்னும் ரெண்டு கேட்டு வாங்கிப் பொதைச்சாரு. ஒரு மாசம் கழிச்சுத் தோண்டுனாங்க.

பச்சமுத்து பாத்தியில நைலான் நாடா மட்டும் வந்துச்சு. செக்கரோடதை ஒதறுனா மாட்டிக்கலாம்.

"டிராயரை உருவிக்கிட்டான் சாமி. நாடாவ மட்டும் விட்டுட்டான்."

பச்சமுத்து தொந்தியத் தடவுனாரு. "யோவ், அது எனக்கு ஒரு காலுக்குத்தான்யா பத்தும்."

"எடுக்கலய்யா, தின்னுருக்கு," அப்படின்னாரு சாமி. "மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சனம் இருக்கு. பாக்டீரியாம்பாங்க. பருத்தியத் தின்னும், சருகைத் தின்னும், செடிக்கு ஆக்கிப் போடும். கோடையில கொறைஞ்சுபோகும். மழையில பெருகும். மேல பச்சை போத்தியிருந்தா கோடையிலயும் கொஞ்சம் தங்கும்."

"மழை என் பாத்திக்கும்தானே பேஞ்சுது?"

"பேஞ்சுது."

சாமி செக்கரோட பாத்தியப் பாத்தாரு. ஒரு புல்லு இல்ல, ஒரு சருகு இல்ல. வெளக்கமாத்துக் கோடுதான்.

"தெனம் எதுக்குய்யா கூட்டுறீரு?"

"தடம் பாக்கத்தான். எவன் காலு வச்சாலும் விடிஞ்சதும் தெரிஞ்சுரணும்ல."

"யாரு வந்தா?"

"ஒரு பய வரல." செக்கர் நெஞ்ச நிமித்துனாரு.

கையில டிராயர் புதுசாவே இருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. நிமித்துன நெஞ்சு மெதுவா எறங்குச்சு.

"யாருமே வரல, சாமி."