கை நனைக்காத வீடு

அருளம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கோமளவல்லியோ கல்யாணத்துக்குப் பெண் வைத்திருப்பவள். ஆனாலும் கோமளவல்லிதான் சிஷ்யை. அவள் குருவை "அம்மா" என்பாள். குரு அவளை "அக்கா" என்பார். அரசலாற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்த உறவுமுறை கொஞ்சம் குழப்பும். பிறகு பழகிவிடும்.

அன்று காலை கோமளவல்லி வந்ததுமே அழுதாள்.

"அண்ணன் என் பொண்ணு கல்யாணத்துக்கு வரமாட்டார் போலிருக்கும்மா."

"கூப்பிட்டீங்களா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? போன்ல சொன்னேன். வாட்ஸ்அப்ல பத்திரிகை அனுப்பினேன். அது மரியாதை இல்லைன்னு, வீட்டுக்காரரோட நேர்ல போய், தட்டுல வெத்தலை பாக்கு, பூ, பழம் எல்லாம் வச்சு முறையா அழைச்சேன். பெரியப்பாவை விட்டுச் சொல்லச் சொன்னேன். அப்புறம் தனியாப் போய்க் கெஞ்சியும் பாத்துட்டேன். இன்னும் எப்படிம்மா கூப்பிடறது?"

"அவர் என்ன சொன்னார்?"

"பாக்கலாம்னார்."

நம் பக்கத்தில் யாராவது "பார்க்கலாம்" என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. தாய்மாமன் கைபிடித்து மணமேடைக்குக் கூட்டி வராத பெண்ணைப் பற்றி ஊர் என்னென்னவோ பேசும். ஊர் கிடக்கட்டும். மாமா வராவிட்டால் மாலையே போட்டுக்கொள்ள மாட்டேன் என்று மகள் நித்திலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவளைத் தோளில் உட்காரவைத்துத் தேர் காட்டியவர் அந்த மாமாதான்.

அருளம்மை வேறொன்று கேட்டார்.

"தட்டோட போனப்ப அங்க என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலம்மா."

"அவங்க குடுக்கலையா?"

"அண்ணி காபி கொண்டாந்தாங்க. இப்பதான் குடிச்சேன்னுட்டேன்."

"குடிச்சிருந்தீங்களா?"

கோமளவல்லி புடவைத் தலைப்பைத் திருகினாள்.

விஷயம் இதுதான். அண்ணன் சபாபதி புது வீட்டுக்குக் குடிபோன அன்று, பந்தியில் அண்ணி செண்பகம் தன் அக்காவின் இலைக்கு முதலில் பாயசம் ஊற்றிவிட்டாள். கூடப்பிறந்தவள் நான் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறேனே என்று கோமளவல்லிக்குச் சுருக்கென்றது. பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்து வந்துவிட்டாள். ஒரு கரண்டிப் பாயசம்! அதற்கப்புறம் அந்த வீட்டில் அவள் கை நனைத்ததே இல்லை. நல்லது கெட்டதுக்குப் போவாள், நிற்பாள், திரும்புவாள். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டாள்.

அருளம்மை எழுந்தார். அவர் ஒரு வேளைதான் சாப்பிடுவார். அதையும் யார் வீட்டிலாவது கேட்டு வாங்கித்தான் சாப்பிடுவார்.

"இன்னைக்கு உங்க அண்ணன் வீட்ல கேக்கலாம்னு இருக்கேன். நீங்களும் வாங்கக்கா."

"வீட்டுக்குப் போய்ப் பத்திரிகை எடுத்துட்டு வந்துடட்டுமா?"

"சாப்பிடப் போறதுக்குப் பத்திரிகை எதுக்கு?"

பாலம் தாண்டி இருவரும் நடந்தார்கள். செண்பகம் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மடத்து அம்மாவைக் கண்டு மலர்ந்த முகம், பின்னால் நாத்தனாரைக் கண்டதும் இறுகியது.

"பசியோட வந்திருக்கோம்மா. சோறு இருக்கா?" என்றார் அருளம்மை.

செண்பகம் கோமளவல்லியைப் பார்த்தாள்.

"இவங்களுக்குமா?"

குரு கோமளவல்லியின் பக்கம் திரும்பினார். பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட அவள் நினைத்தாள். மகளின் முகம் நினைவுக்கு வந்தது.

"எனக்கும் பசிக்குது, அண்ணி."

செண்பகம் துணியைக் கொடியில் அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். "வெறும் வத்தக்குழம்பும் கீரையும்தான் இருக்கு. முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று அவள் குரல் மட்டும் வந்தது.

இலை போட்டாள். முதல் கவளம் கோமளவல்லிக்குத் தொண்டையில் நின்றது. இரண்டாவது மெல்ல இறங்கியது. அதற்குப் பிறகு அவளுக்கு நிஜமாகவே பசித்தது.

"கீரை இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

"வைங்க அண்ணி. நல்லா இருக்கு."

செண்பகம் கீரையை வைத்தாள். அடுக்களைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சபாபதி வீட்டுக்குள் நுழைந்தார். இலைக்கு முன்னால் தங்கை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கொல்லைப்பக்கம் போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். மனைவி கையிலிருந்த ரசப் பாத்திரத்தை வாங்கி, குனிந்து, தங்கையின் சோற்றில் அவரே ஊற்றினார்.

"சூடா இருக்கு. பாத்துச் சாப்பிடு."

கோமளவல்லியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே சாப்பிட்டாள். ரசத்தில் உப்பு கொஞ்சம் கூடித்தான் போயிருக்கும்.

புறப்படும்போது சபாபதி குருவைக் கும்பிட்டார்.

"மறுபடியும் வரணும்மா."

"வீடு வீடாச் சோறு கேக்கறவளுக்கு அழைப்பு எதுக்கு? அழைக்க வேண்டியவங்களை அழைங்க."

சபாபதி தொண்டையைச் செருமிக்கொண்டார். தங்கையின் முகத்தைப் பார்க்காமல், கொடியில் கிடந்த துணியைப் பார்த்தபடியே சொன்னார்.

"அடிக்கடி வந்துட்டுப் போ, கோமளா."

பாலத்தில் பாதி தூரம் வந்தபோதுதான் கோமளவல்லிக்குச் சட்டென்று உறைத்தது.

"அம்மா, அண்ணனைக் கூப்பிட ஒரு வழி கேட்டுத்தான் காலையில உங்ககிட்ட வந்தேன். கடைசியில அண்ணன்தான் என்னைக் கூப்பிட்டிருக்கார். கல்யாணப் பேச்சையே நான் எடுக்கலையே! திரும்பப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடட்டுமா?"

அருளம்மை நடையை நிறுத்தவில்லை.

"அவங்களே வருவாங்க. நாளைக்கு உலையில ரெண்டு பேருக்குக் கூடுதலா அரிசி போடுங்கக்கா."