ஒரு சைக்கிளுக்குத்தான் இடம்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கிளாட்வினுக்கு நாற்பத்தேழு வயதில் சைக்கிள் பந்தயப் பித்துப் பிடித்தது. அவருக்குப் பயிற்சி கொடுத்த இசக்கியம்மாள் அவரைவிட வெகு இளையவள். மாநில அணிக்காக ஓட்டியவள். அவர் அவளை 'கோச்' என்பார். அவள் அவரை 'அண்ணே' என்பாள்.

அவருக்கு ஆசை டைம் ட்ரயல் மீது. அந்தப் பந்தயத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே கிளம்ப வேண்டும். காற்றை மறைத்துத் தர முன்னால் யாரும் இருக்க மாட்டார்கள். எதிரி கடிகாரம் மட்டும்தான். கிரேன் கூண்டில் தனியே உட்கார்ந்து பழகியவருக்கு அது பிடித்துப்போனது.

மாவட்டப் பந்தயம் அறிவித்த அன்று அவள் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"கோச், புது வண்டி வாங்கப்போறேன். எங்க வீடு மூணாவது மாடி. ஒரு சைக்கிளுக்குத்தான் இடம்னு வீட்டுல அடிச்சுச் சொல்லிட்டா. தினப் பயிற்சிக்கும் அதுதான், டைம் ட்ரயலுக்கும் அதுதான். எதை வாங்கட்டும்?"

இசக்கி உள்ளே போய் இரண்டு சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வந்தாள். ஒன்று, வளைந்த கைப்பிடி வைத்த ரோடு சைக்கிள். மற்றது டைம் ட்ரயலுக்கென்றே செய்தது. முழங்கைகளை ஊன்றி, முன்னால் நீளும் இரண்டு கம்பிகளைப் பிடித்து, படுத்தாற்போல ஓட்ட வேண்டும்.

"உப்பளத்து ரோட்டுல ரெண்டையும் ஓட்டிட்டு வாங்க."

இரண்டாவதில் போய்த் திரும்பியபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"கோச்! இது சைக்கிளே இல்ல, அம்பு!"

"எது வேகம்?"

"இதுதான். இதையே வாங்கிடவா?"

"நாளைக்குப் பயிற்சிக்கு இதுலயே வாங்க."

மறுநாள் காலை இசக்கியிடம் பயிற்சி பெறுகிற எல்லாரும் வரிசையாகக் கிளம்பினார்கள். முன்னவர் காற்றை மறைக்க, ஒருவர் சக்கரத்துக்கும் அடுத்தவர் சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. கிளாட்வின் கம்பிகளைப் பிடித்துப் படுத்தபடி பறந்தார். அவருக்கு முன்னால் பிரிசில்லா என்ற கல்லூரிப் பெண்.

வளைவில் உப்பு லாரி ஒன்று குறுக்கே ஏறியது. முன்னால் போனவர்கள் பிரேக் பிடித்தார்கள். கிளாட்வினின் பிரேக் கைப்பிடியின் இரு ஓரங்களிலும் இருந்தது. கையோ நடுவில், நீண்ட கம்பிகளில். கையை எடுத்து அங்கே கொண்டுபோவதற்குள் பிரிசில்லாவின் சக்கரம் நெருங்கிவிட்டது. சட்டென்று பக்கவாட்டில் ஒடித்தார். வண்டியும் அவரும் உப்புப் பாத்திக்குள் போய் விழுந்தார்கள்.

மீசையெல்லாம் உப்போடு எழுந்து நின்று சிரித்தார். "உயிர் இருக்கு கோச்! வண்டியும் இருக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். பிரிசில்லா சிரிக்கவில்லை. அவள் குனிந்து தன் பின்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது.

பாத்தியிலிருந்து ஏறி வந்தார். "அப்ப ரோடு வண்டிதான், இல்லையா?"

"நான் சொல்லலையே. நேத்து எது வேகம்?"

"இது."

"இன்னைக்கு?"

அவர் பிரிசில்லாவைத் திரும்பிப் பார்த்தார்.

ரோடு சைக்கிளையே வாங்கினார். தினமும் வரிசையில் ஓட்டினார். பந்தயத்துக்குச் சில நாள் முன்பு இசக்கி அதன் கைப்பிடியில் நீள் கம்பிகள் இரண்டைத் திருகி மாட்டினாள். சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள்.

"தனியா போறப்ப இதைப் பிடிச்சுப் படுங்க. கூட்டத்துல வர்றப்ப கழட்டி வச்சிட்டு வாங்க."

"அந்த வண்டி மாதிரியே ஆகிடுமா கோச்?"

"ஆகாது."

பந்தயத்தன்று கடல்காற்று பலமாக இருந்தது. கொடி அசைந்ததும் கிளாட்வின் படுத்தார், பாய்ந்தார். தனக்கு முன்னால் கிளம்பியவரைப் பாதி தூரத்திலேயே தாண்டினார். அதற்கும் முன்னால் கிளம்பியவர் தெரிந்தார். அவரையும் தாண்டினார். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கால் கேட்கவில்லை, ஓடியது. சாலையோரம் பயிற்சிக் கூட்டம் மொத்தமும் கத்தியது. பிரிசில்லா கூடவே ஓடி ஓடிக் கத்தினாள்: "விடாதீங்க மாமா! விடாதீங்க!"

கோட்டைத் தாண்டிக் கைப்பிடி மேல் சாய்ந்தார். அவரை அப்படியே தூக்கிக்கொண்டார்கள்.

இரண்டாம் இடம். முதலில் வந்தவர் டைம் ட்ரயல் சைக்கிளில் வந்திருந்தார். இருவருக்கும் நடுவே ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம்தான்.

பதக்கம் கழுத்தில் ஆட, மூச்சு வாங்க, இசக்கியிடம் வந்தார்.

"கோச், மறைக்காம சொல்லுங்க. நான் அந்த வண்டியில வந்திருந்தா முதல் இடம் எனக்குத்தானே?"

"ஆமாண்ணே. உங்களுக்குத்தான்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. பதக்கத்தைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"நாளைக்கு வரிசையில தனக்கு அடுத்து பின்னால நீங்கதான் வரணும்னு பிரிசில்லா கேட்டிருக்கா" என்றாள் இசக்கி.