ராஜாவின் பட்டைத் தின்ற ஆடு

முன்னொரு காலத்திலே மேகலாபுரி என்ற நாட்டைக் கோலாகலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் தூக்கத்தைக் கெடுத்தவன் கதி அதோகதி!

அரண்மனைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம். தையல்நாயகி என்பவள் அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துவந்தாள். பாடத்தை எல்லாரும் சேர்ந்து கத்திச் சொல்வது அந்த ஊர் வழக்கம். ஒருநாள் அந்தக் கத்தலில் ராஜா திடுக்கிட்டு எழுந்துவிட்டான்.

"பள்ளிக்கூடமா, சந்தைக்கடையா?"

தளபதி இடிமுழக்கன் இதற்காகவே காத்திருந்தவன். அந்த வாத்தியார் வேலையில் தன் மைத்துனனை உட்காரவைக்க அவனுக்கு ரொம்ப நாளாய் ஆசை.

"அரசே, அந்த அம்மாளுக்குப் பிரம்பு பிடிக்கத் தெரியவில்லை. நாளைக் காலையில் வந்து பாருங்கள். குண்டூசி விழுந்தாலும் கேட்கும்படி அடக்கிக் காட்டுகிறேன். பிறகு என் மைத்துனன் பார்த்துக்கொள்வான்."

"அடக்கிவிட்டால் அவள் மூட்டையைக் கட்டட்டும்!" என்றான் ராஜா.

தையல்நாயகி மந்திரி அறிவாகரரிடம் ஓடினாள். "வேலை போனா கூலிக்குப் போய்ப் பொழைச்சுக்குவேன் ஐயா. அந்தப் பிஞ்சுங்க முதுகு பிரம்படி தாங்காதே."

பாவம், அவள் கண் நிறைந்துவிட்டது. மந்திரி மெல்லச் சொன்னார்: "நாளைக்கு என்ன நடந்தாலும் நீ வாயைத் திறக்காதே அம்மா."

மறுநாள் ராஜா வகுப்பில் வாசலுக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்தான். அவனுடைய பட்டு மேலாடை பின்பக்கம் வாசல்வரை நீண்டு கிடந்தது. தளபதியும் பிரம்போடு பிள்ளைகளை முறைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஜன்னலோரம் நின்ற தையல்நாயகிக்கு அந்தப் பயந்த முகங்களைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அப்போது வாசலில் ஓர் ஆடு வந்தது. பட்டை முகர்ந்தது. தின்ன ஆரம்பித்தது!

பிள்ளைகளின் கண்கள் அகல விரிந்தன. ராஜாவுக்கோ பெருமை தாங்கவில்லை. "ஆகா, கண் கொட்டாமல் என்னையே பார்க்கிறார்களே! இதுவல்லவா கவனம்!" என்று எழுந்தான். சர்ரென்று கிழிந்து, முழங்கை நீளத் துணிதான் தோளில் மிஞ்சியது.

"பார்த்துக்கொண்டு சும்மாவா இருந்தீர்கள்?" என்று கர்ஜித்தான்.

கொழுந்து என்ற பொடிப்பெண் எழுந்தாள். "வாயைத் தொறந்தா தோலை உரிச்சுடுவேன்னு தளபதி மாமா சொன்னாரு ராசா."

மந்திரி உள்ளே வந்து கைகட்டி நின்றார். "ஆட்டை அவிழ்த்துவிட்டது அடியேன்தான் அரசே. தாங்கள் கேட்ட அமைதி இதுதான். வந்தது பாம்பாக இருந்திருந்தால்?"

ராஜாவுக்கு வேர்த்துவிட்டது. அதற்குள் அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் வெடித்து, வகுப்பே கூரையைப் பிய்த்தது.

"சரி, இதை நீ எப்படி அடக்குவாய்?" என்றான் ராஜா தையல்நாயகியிடம்.

அவள் கத்தவில்லை. முதலில் கொழுந்திடம் எழுதிப் பழகும் மணலைத் தரையில் பரப்பும் வேலையைக் கொடுத்தாள். "இவ கை சும்மா இருந்தா காது மூடிக்கும் அரசே. கைக்கு வேலை கொடுத்தா எல்லாத்தையும் கேட்டுக்குவா." பிறகு தரையில் உட்கார்ந்து, ரகசியம் சொல்வதுபோல ஆரம்பித்தாள்: "ஒரு நரி கிணத்துல விழுந்துடுச்சு... மேலேயிருந்து யாரோ எட்டிப் பாத்தாங்க..."

முன்வரிசை அடங்கியது. பின்வரிசை ஒருவரையொருவர் அதட்டி அடங்கியது.

"இதெல்லாம் ஒரு பாடமா?" என்று முனகினான் தளபதி.

"உஷ்! எட்டிப் பார்த்தது யாரென்று கேட்கவிடடா!" என்று சீறினான் ராஜா.

தையல்நாயகி எழுந்து சேலையை உதறினாள். "மிச்சம் நாளைக்கு."

"நாளைக்கா? இப்போதே சொல்! இது என் ஆணை!"

"என்னைத்தான் மூட்டை கட்டச் சொல்லிட்டீங்களே அரசே. நாளைக்குத் தளபதியோட மைத்துனர் வந்து சொல்லுவாரு."

ராஜா தளபதியைப் பார்த்தான். "அந்தப் பிரம்பைக் கீழே போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார். காது கேட்கப் பழகும்வரை தினமும் வா." அப்புறம் தோளில் மிஞ்சியிருந்த துணியை ஒதுக்கிக்கொண்டு தையல்நாயகியிடம் குழைந்தான்: "அம்மா, உன்னைப் போகச் சொன்னது யார்? நாளைக்கு எத்தனை மணிக்கு நான் வரட்டும்?"