ஒட்டகம் என்பதே சரி

புலவர் அரியநாயகத்துக்கு வயது அறுபத்தாறு. அவருடைய குருவான இசக்கிமுத்து சாமிக்கு நாற்பத்தொன்று. அதோடு போகவில்லை. சாமி எட்டாம் வகுப்பில் புலவரிடமே தமிழ் படித்தவர். தன்னிடம் படித்த பையன் காலடியில் போய் உட்காருகிறாரே என்று ஊரில் நாலு பேர் வாய்க்குள் சிரித்தார்கள். புலவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் ஆற்றங்கரை மடத்துக்குப் போய், வினை, பிறவி, ஆன்மா என்று ஏதாவது ஒரு சந்தேகம் கேட்டுவிட்டு வருவார்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்கே கக்கத்தில் செய்தித்தாள்களை இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

சாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாமி, ஒரு உதவி."

"சொல்லுங்க அய்யா."

"இன்னைக்குக் குறுக்கெழுத்து. ஒண்ணுகூடப் பிடிபட மாட்டேங்கு. கூட உக்காந்து முடிச்சுக் குடுக்கணும்."

சாமி கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை.

"வீட்ல அம்மா போடுவாங்கல்லா?"

"அதான் சாமி குழப்பமே."

புலவர் வீட்டில் கல்யாணமான மறுமாதம் ஏற்பட்ட வழக்கம் அது. இடமிருந்து வலம் மனைவி செண்பகவடிவுக்கு, மேலிருந்து கீழ் புலவருக்கு. அந்த அம்மாள் விடியற்காலையில் தன் பங்கைப் பென்சிலால் நிரப்பி, காபி டம்ளர் பக்கத்தில் பேப்பரை வைத்துவிடுவாள். புலவர் பேனாவால் மிச்சத்தை முடிப்பார். முப்பத்தெட்டு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து தோற்ற நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பதினோரு நாளுக்கு முன்னால், 'கதவில் இருப்பது, இரண்டு எழுத்து' என்று ஒரு குறிப்பு வந்தது. புலவர் 'தாழ்' என்றார். அவள் 'தாள்' என்றாள். மறுநாள் பேப்பரில் விடை 'தாள்' என்றே வந்திருந்தது. அவள் லேசாகச் சிரித்துவிட்டாள். புலவருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. பேப்பர்காரனுக்கும் தமிழ் தெரியாது, எட்டாவதோடு நின்ற உனக்கும் தெரியாது, இனி என்னிடம் வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டார். அவள் திறக்கவில்லை.

"பேச்சுதான் இல்லையே தவிர, பேப்பர் வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு சாமி. ஆனா தப்புத் தப்பா எழுத ஆரம்பிச்சுட்டா. இந்தப் பாருங்க."

நாலு நாள் பேப்பரைத் தரையில் விரித்தார்.

"வியாழக்கிழமை. 'கோபம், மூணு எழுத்து.' சினம். பச்சைப்பிள்ளை சொல்லும். இவ 'போதும்'னு எழுதி வச்சிருக்கா."

பென்சில் எழுத்தின்மேல் சிவப்புக் கோடு ஓடியிருந்தது. பக்கத்தில் 'சினம்' என்று திருத்தம்.

"வெள்ளிக்கிழமை. 'யானைக்குப் பிடித்தது, நாலு எழுத்து.' கரும்பு. இவ என்ன எழுதியிருக்கா? 'பேசுங்க'. அதுவாவது ஒழுங்கா இருக்கா? கொச்சை."

கட்டத்துக்கு வெளியே சிவப்பில் ஒரு 'ள்' சேர்த்திருந்தார்.

"சனிக்கிழமை குறுக்கெழுத்து வராது. ஞாயித்துக்கிழமை. 'பாலைவனக் கப்பல், அஞ்சு எழுத்து.' சாமி, நீங்களே சொல்லுங்க."

"ஒட்டகம்."

"ஆங்! இவ 'காய்ச்சல்'னு எழுதுதா. குறுக்க வர என் சொல்லெல்லாம் கெட்டுப்போகுது."

அந்தக் கட்டத்தின் ஓரத்தில் புலவரின் கையெழுத்தில் குறிப்பு ஒன்று இருந்தது: 'ஒற்றுப்பிழை இல்லை. ஆனால் ஒட்டகம் என்பதே சரி.'

"திருத்தி என்ன செய்வீங்க?"

"அடுக்களையில மிக்ஸி பக்கத்துல வச்சிருவேன். அவ பாத்துக்கிடட்டும்னு. அவ பாத்துட்டு மடிச்சு என் மேஜையில வச்சிருவா."

"ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு உடம்பு எப்படி இருந்துச்சு?"

புலவர் யோசித்தார்.

"படுத்துத்தான் கிடந்தா. சோத்தை வடிச்சு வச்சிட்டுப் படுத்துட்டா."

"என்னன்னு கேட்டீங்களா?"

"பேச்சு இல்லையே சாமி."

சாமி ஒரு இணுக்குக் கீரையை உருவிப் போட்டார்.

"நேத்து?"

"'முருகன் வாகனம், மூணு எழுத்து.' மயில். இவ 'போறேன்'னு எழுதியிருக்கா. போகிறேன்னுகூட எழுதலை."

அதையும் சிவப்பில் திருத்தியிருந்தார்.

புலவரின் குரல் இறங்கியது. "சாமி, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? எனக்குப் பயமா இருக்கு. அவளுக்கு மறதி நோய் வந்துட்டோ? யாருக்காவது மயில் மறக்குமா? இன்னைக்குக் காலையில பரண்ல கிடந்த பெட்டிய இறக்கித் தொடச்சிக்கிட்டு இருக்கா. தீபாவளிக்கு எம்புட்டு நாள் கிடக்கு! பேப்பர்ல பாத்தா ஒரு கட்டம்கூட நிரப்பலை. அப்பிடியே வெறுங்கட்டமா வச்சிருக்கா."

"அதனால நாம போட்டு முடிக்கணுமா அய்யா?"

"முடிச்சு அடுக்களையில வச்சிட்டா, நான் தனியாவும் போடுவேன்னு அவளுக்குத் தெரியும்லா."

சொல்லும்போதே அது புலவருக்குச் சப்பென்று இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

"நாகர்கோவில்ல இருக்கிற மகள் வீட்டுக்கு எந்த பஸ்ல போவீங்க அய்யா?"

"பதினோரு மணி பஸ். எதுக்குக் கேக்கீங்க?"

சாமி கீரை கிடந்த சுளகை ஓரமாக நகர்த்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எட்டாம் வகுப்புல நான் ஒரு லீவு லெட்டர் குடுத்தேன். ஞாபகம் இருக்கா?"

"எத்தனையோ பிள்ளைக குடுத்திருக்கும். ஞாபகம் இல்லையே சாமி."

"மூணு நாள் கழிச்சு வந்து உங்க மேஜையில வச்சேன். 'என் தாயார் இரந்துவிட்டபடியால்'னு எழுதியிருந்தேன். சின்ன ர போட்டுட்டேன்."

புலவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"நீங்க அதைச் சிவப்புல வட்டம் போட்டுப் பெரிய ற எழுதினீங்க. இரந்துன்னா பிச்சை கேட்டுன்னு அர்த்தம், இறந்துன்னாத்தான் செத்துப்போயின்னு வகுப்புக்கே விளக்கினீங்க. நல்லா விளக்கினீங்க."

"அப்புறம் நான் என்ன சொன்னேன்?"

"'இறந்து'ன்னு பத்துத் தடவ எழுதிட்டு வரச் சொன்னீங்க."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லை அய்யா. எழுதிட்டு வந்தேன். அதுக்குப் பிறகு அந்தச் சொல்லுல எனக்குத் தப்பே வந்ததில்லை."

சாமி குரலில் வருத்தம் இல்லை, குத்தலும் இல்லை. அதுதான் புலவரால் தாங்க முடியாமல் இருந்தது. அந்தப் பையனின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தார். முகம் வரவில்லை. ஒற்றைக்கோடு போட்ட தாளும் சின்ன ர-வும் மட்டும் கொஞ்சம்போலத் தெரிந்தன. வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சிருங்க சாமி."

"அதுக்காகச் சொல்லலை. இந்த நாலையும் வாசிங்க. பென்சில்ல இருக்கிறதை மட்டும்."

"எதுக்கு சாமி?"

"வாசிங்களேன்."

புலவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சிவப்பு மை எழுத்துகளை மறைத்தது. வகுப்பில் பாடம் படிக்கிற குரலில்தான் தொடங்கினார்.

"போதும்."

அடுத்த தாளை எடுத்தார். "பேசுங்க."

அந்த 'ள்'-ஐக் கட்டை விரலால் மூடிக்கொண்டார். வகுப்புக் குரல் அதற்குள் போய்விட்டது.

"காய்ச்..." என்றவர் நிறுத்தினார். பேப்பரை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். ஞாயிற்றுக்கிழமை அவள் கழுத்துவரை போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது இப்போதுதான் கண்ணில் பட்டது. அன்று அந்த அறையைத் தாண்டி மூன்று தடவை போய்வந்தார், ஒட்டகத்துக்கு நடுவெழுத்து சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே.

நாலாவதை அவர் வாய்விட்டு வாசிக்கவில்லை.

"சாமி, நோய் அவளுக்கு இல்லையா?"

சாமி மற்ற மூன்று தாள்களையும் அடுக்கி அவர் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப இன்னைக்கு ஏன் ஒண்ணுமே எழுதலை?"

"நாலு நாளும் திருத்திக் குடுத்துட்டீங்களே அய்யா."

புலவர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பது நாற்பது. பஸ் பதினோரு மணிக்கு. வீட்டுக்குப் போக அரைமணி நேரம் நடக்க வேண்டும். போய் நின்று என்ன சொல்வது? பத்து நாள் மூடிக் கிடந்த வாய், அவள் முகத்தைப் பார்த்ததும் இலக்கணம் பேசினாலும் பேசிவிடும். அவருக்குத் தன்மேலேயே நம்பிக்கை இல்லை.

இன்றைய பேப்பரை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். கட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்தார். சிவப்பு. திரும்பப் பைக்குள் போட்டார். சாமி உள்ளே போய், கீரைக்காரிக்குக் கணக்கு எழுதும் கட்டைப் பென்சிலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

புலவர் முதல் கட்டத்தில் பென்சிலை வைத்தார். எழுதவில்லை. பென்சில் முனை கட்டம் கட்டமாகத் தாண்டிப் போவதைச் சாமி பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கட்டத்தில் வந்து நின்றது. மறுபடி முதலில் இருந்து போனது.

"சாமி," என்றார் புலவர். "இதை எத்தனை எழுத்துல எழுதணும்?"

"அதை அவங்க எண்ண மாட்டாங்க, அய்யா."